நான் கொடுத்த நிமிடங்கள்

என் கணவரின் தேர்வைக் கெடுத்தவள் நான்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவரிடம் இதை ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்... அது என்னவாயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் முன்னால் நல்லவளாக இருக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

1991. ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு மாடியில் என் அப்பா தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தார். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, நான் அங்கேயே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு எங்களை ஏறிட்டுப் பார்ப்பார்கள். அப்படி ஒரு ஆண்டு அது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சேகர் மாடிப்படி ஏறி வந்தார். நெடுஞ்சாலையோரம் இருந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினியர். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தட்டச்சுக் கற்க வரவில்லை, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஓர் அமைதியான அறை வேண்டும் என்றார்.

"ரூம்ல நாலு பேரு கீறோம் சார். நைட் ஷிப்ட் முடிச்சவன் தூங்குவான், இன்னொருத்தன் ரேடியோ வெச்சிக்கினு இருப்பான். ஒரு வரி படிக்க முடியல" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பயிலகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னார். முன்னறையில் அப்பா செய்தித்தாள் படிப்பார். உள்ளறையில், உறை போட்டு மூடிய இயந்திரங்களுக்கு நடுவே சேகர் படிப்பார். ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார். 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட வயதில் மூத்தவர்!

தேர்வு என்றால் வெறும் அறிவு போதாது, வேகம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மலைபோல் கேள்விகள். தபாலில் வந்த மாதிரித் தேர்வுகளை அவர் எழுத, நான் நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தட்டச்சு வேகத் தேர்வுகளுக்கு நேரம் பார்த்துப் பழகியவள்தானே நான்!

தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் மணியப் பாத்தா மனசு ஓடிடும் டீச்சர். நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க நிறுத்துன்னா நிறுத்திடறேன்."

எவ்வளவு முழுமையாக ஒப்படைத்தார் பாருங்கள்...

முதல் சில வாரங்கள் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். 'டைம்' என்பேன்; பேனாவைக் கீழே வைப்பார். கடைசிப் பகுதி தொடப்படாமலே கிடக்கும். தாள்களை அடுக்கி மடித்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விடுவார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, நேரம் முடிந்தபோது அவர் ஒரு கணக்கின் நடுவில் இருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி... நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கணக்கை முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு அடுத்ததையும். அவ்வளவுதான். அதுதான் தொடக்கம்.

விடைகளைச் சரிபார்த்தபோது அவர் முகம் மலர்ந்ததே! எதிர்க்கடைக்கு ஓடிப்போய் எங்கள் மூவருக்கும் டீயும் சூடான பஜ்ஜியும் வாங்கிவந்தார். "வேகம் வந்துடுச்சி டீச்சர்!" என்று அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

இது இரக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்... ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு பகல், சன்னல் வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "பாஸாயிட்டா அகமதாபாத்து, கல்கத்தான்னு போயிடணும் டீச்சர். அப்பறம் பம்பாயோ இன்னாவோ... திரும்பி இந்தப் பக்கம் வரவே தேவையிருக்காது." மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். நானோ, இந்த மனிதர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. வேகம் போதவில்லை என்று தெரிந்திருந்தால் அவர் உழைத்திருப்பார். உழைப்புக்கு அஞ்சாதவர் அவர். வேகம் வந்துவிட்டது என்று நம்பியதால், மிச்ச நாட்களையெல்லாம் அருஞ்சொற்களுக்குப் பொருள் மனப்பாடம் செய்வதில் செலவிட்டார். அந்தச் சொற்களையும் என்னிடம்தான் ஒப்பித்தார்!

அடுத்த ஞாயிறு நான் கொடுத்த நேரம், அதுவரை கொடுத்ததிலேயே அதிகம்.

ஏன்? அவர் முகம் வாடக்கூடாது என்றா? அவர் போய்விடக்கூடாது என்றா? எத்தனையோ முறை என்னை நானே கேட்டுவிட்டேன். இரண்டும்தான் என்று ஒரு நாள் தோன்றும். இரக்கம் என்பது நான் போர்த்திக்கொண்ட போர்வை என்று மறுநாள் தோன்றும். விளைவு தெரிந்தே செய்தேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

டிசம்பரில் சென்னைக்குப் போய் எழுதினார். மறுநாள் மாலை பயிலகத்துக்கு வந்தார். மாணவர்கள் தட்டிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவே நின்றார். நான் வராந்தாவுக்கு அழைத்துப் போனேன்.

"பாதிகூட ஒழுங்கா முடிக்கல டீச்சர்... அதுக்குள்ள பேப்பரப் புடுங்கிட்டாங்க." தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க எல்லாத்தையும் முடிச்சேனே! நீங்களே பாத்தீங்களே! அங்க போனதும் கை நடுங்கிச்சி. நெஜம்னு வந்தா எனக்கு பயம் புடிச்சிக்கும்போல. நம்ம லட்சணம் அதான்."

அந்தக் கணம் நான் பேசியிருக்க வேண்டும்.

"பரவாயில்லைங்க சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன்.

அடுத்த வருடம் அவர் எழுதவில்லை. ஆனால் தேர்வுக்கு அடுத்த ஞாயிறே படியேறி வந்தார். புத்தகம் இல்லை, தாள் இல்லை. "இன்னா பண்றதுன்னு தெரியல. காலு தானா இங்க வந்துடுச்சி" என்றார். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி அவரையும் என்னையும் பார்த்தார். அடுத்த ஆவணியில் எங்களுக்குத் திருமணம்.

நல்ல வாழ்க்கை. இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நான் பிரசவித்துக் கிடந்தபோது என் துணிகளைத் துவைத்துப் போட்டவர். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லி அதட்டியதில்லை. இப்படிப்பட்ட மனிதர் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே செய்தேன்... இருந்தார். இருக்கிறார்.

ஆனால் தன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டு இருக்கிறார்! அந்தப் பொய்யை அவருக்குள் வைத்தவள் நான்.

தொழிற்சாலையில் பதவி உயர்வுக்குத் தேர்வு வைத்தார்கள். "நமக்கு அதெல்லாம் ஒத்துவராதுமா" என்று ஒதுங்கிவிட்டார். அவரிடம் வேலை கற்றவர்கள் எழுதித் தேறி, அவருக்கே மேலதிகாரிகளாக வந்தார்கள். அவர்களுக்கும் மனம் கோணாமல் வணக்கம் வைத்தார். பிறகு ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலைகள் வந்தபோது நல்ல வேலைக்கு அழைப்பு வந்தது. நேர்முகத்துக்குப் போகவில்லை. தெரிந்தவர் மூலமாக, பழைய வேலையையே அங்கே இன்னொரு தொழிற்சாலையில் வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார்.

அன்று சரியாக நேரம் பார்த்திருந்தால் தேறியிருப்பாரா? எனக்குத் தெரியாது. தேறாமலும் போயிருக்கலாம். ஆனால், வேகம் போதவில்லை என்று நினைத்திருப்பார். தைரியம் போதவில்லை என்று நினைத்திருக்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆயுள் இருக்கிறது...

அதோடும் முடியவில்லை. எங்கள் மகள் நித்யா பி.காம். முடித்துவிட்டு அதே தேர்வுக்குப் படித்தாள். கெட்டிக்காரி. ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் புத்தகங்களை மூடி வைத்துவிட்டாள்.

"எனக்கு வராதும்மா. எனக்கு அப்பா ரத்தம். அவருக்கு நடுங்குன மாதிரியே எனக்கும் நடுங்குது" என்றாள்.

இல்லாத நடுக்கம்! நான் உண்டாக்கிய நடுக்கம்! அது என் மகளின் கைக்கு வந்துவிட்டது.

அந்த ஞாயிறு மதியம் அவர் வாரத்துக்கான சீருடைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாய் திறக்காமல் விட்ட அந்த முதல் கணக்கு, பஜ்ஜி, ஐப்பசி மழை, அகமதாபாத்... ஒன்றையும் விடவில்லை. "உங்களுக்குக் கை நடுங்கவேயில்லைங்க. நான்தான் உங்கள ஏமாத்தினேன்" என்றேன். அழுதேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு சிரித்தார். அவ்வளவு அன்பான சிரிப்பு!

"பொண்ணுக்குத் தைரியம் சொல்றதுக்கு இப்படி ஒரு கதையா? பழிய எடுத்து உன் தலையில போட்டுக்கினு... இன்னாமா நீ! அத்தன வாரம் எழுதினேன். டைம் கூடக் கொறைய ஆனா எனக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? கண்ணத் தொடச்சிக்கோ."

"சத்தியமா சொல்றேங்க..."

"உனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுமா. உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டார். "நித்யா, உங்கம்மா உனுக்கோசரம் ஒரு கதை கட்டிகினு வந்திருக்குது, கேளு!" அவள் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். "அய்யோ அம்மா..." என்று கொஞ்சினாள். அவளும் நம்பவில்லை. தேர்வும் எழுதவில்லை. இப்போது ஒரகடத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். உலுக்கி, நம்பும்வரை சொல்லியிருக்கலாம். என் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவரைச் சாட்சிக்கு அழைத்திருக்கலாம். முன்னறையில் இருந்தவருக்கு, நான் 'டைம்' சொல்லத் தாமதித்தது தெரியாமலா இருந்திருக்கும்!

நான் செய்யவில்லை. அவர் நம்பாதபோது எனக்குள் என்ன எழுந்தது தெரியுமா? துக்கம் இல்லை. நிம்மதி! அவர் இன்னும் என்னை அப்படியே வைத்திருக்கிறார் என்ற நிம்மதி... கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார். காலரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

பிடித்துக்கொண்டேன்.