தாம்புக்கயிறு கட்டிய தோணி

இதை எழுதும்போதும் இடது கை இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது. சம்பவம் நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன.

என் மகளுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் வளர்ந்தனவே தவிர, நிற்கவில்லை. கைகளை ஊன்றி வீடு முழுக்கப் போவாள். பள்ளிக்கு என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவாள். அவள் தும்மினால் நான் உத்திரமேரூர் டாக்டரிடம் போய் நிற்பேன். அந்த டாக்டர் என்னைப் பார்த்ததும் கம்பவுண்டரிடம், வாத்தியாருக்கு முதலில் தண்ணீர் கொடு என்பார்.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊர் ஏரி நிரம்பியது. ஏரியில் மீன் பிடிப்பவர் ஒருவர் ஊர்க்கோடிக் குடிசைகளிலிருந்து வருவார். பனைமரத்தைக் குடைந்த இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, காற்று வாகாக இருந்தால் கோணியைத் தைத்த பாய் ஒன்றை மூங்கிலில் ஏற்றிவிடுவார். சைக்கிளில் போகும்போது பார்த்துவிட்டு, தானும் பாய் பிடிக்க வேண்டும் என்று மகள் பதினோரு நாள் விடாமல் கேட்டாள். காலில் பலமில்லாத பிள்ளை எப்படி என்று மீன்காரரிடம் நான் தயங்கிச் சொன்னேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்.

"படகுல காலுக்கு இன்னா சார் வேலை? குந்திக்கினு கயித்தப் புடிச்சா போதும்."

நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டியது என் தவறு. போகலாம், ஆனால் ஏதாவது ஆனால் அதோடு தோணியை மறந்துவிட வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஏரி மதகடியில் இரண்டு ஆள் ஆழம் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. ஆகவே ஏற்பாடுகள் செய்தேன். உடைந்த பள்ளிக்கூட நாற்காலியின் கால்களை அறுத்து, தோணிகளின் குறுக்கே ஆணி அடித்து, அதில் அவளை உட்கார வைத்தேன். அவள் முதுகில் மிதப்புக்கு நான்கு சுரைக்குடுக்கை. கடைசியாக எங்கள் கிணற்றுத் தாம்புக்கயிற்றின் ஒரு முனையைத் தோணியிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினேன். போனால் இரண்டு பேரும் போவோம் என்பது என் கணக்கு. எனக்கு நீச்சல் தெரியாது. கயிறு இல்லாமல் எதைக் கொண்டு தண்ணீர் இறைப்பது என்று மனைவி கரையிலிருந்து கேட்டபோது நான் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

மீன்காரர் கோலோடு தோணியின் பின்னால் உட்கார்ந்தார், நான் கரையில் நின்றேன். மகள் பாய்க்கயிற்றை இழுத்தாள். கைகளால் நடந்து நடந்து அவள் தோள்கள் நன்றாக உரமேறியிருந்தன; கோணி ஒரே இழுப்பில் புடைத்தது. வாடைக்காற்று அடித்தது. கயிறு சரசரவென்று ஓடியது. அது எவ்வளவு நீளம் என்று நான் அளக்காமல் விட்டிருந்தேன். திடீரென்று இடுப்பில் யாரோ உதைத்தது போல் இருந்தது. மூன்று எட்டு ஓடினேன். நாலாவது எட்டில் சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்தேன்.

அதன் பிறகு நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டுதான் அனுபவித்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று தெரியாது. கைகளை அடித்தேன், கால்களை அடித்தேன், எல்லாக் கடவுளையும் பாதிப் பெயரோடு கூப்பிட்டேன். மகள் பாயை அவிழ்த்துவிட்டாள் போலிருக்கிறது, இழுப்பு நின்றது. மேலே அவள் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல்.

"நில்லு நைனா. காலு ரெண்டும் நல்லாத்தானே கீது. நில்லு."

நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. அந்தப் பக்கம் ஏரியின் உள்வாய், ஆழமே கிடையாதாம். அதனால்தான் மீன்காரர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஊரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அவர் நினைத்திருந்தார். நான் காஞ்சிபுரம் டவுனில் வளர்ந்தவன்.

"நீச்சலு பழகிக்கினு கீறீங்கன்னு நெனச்சேன் சார்," என்றார் அவர். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கோ பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சத்தியத்தை நினைவூட்டினேன். ஏதாவது ஆனால் அதோடு சரி என்று பேசியிருந்தோமே. மகள் துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனுக்கு ஒண்ணும் ஆகலியே நைனா. உனுக்குத்தானே ஆச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயிறு கிணற்றடியிலேயே இருந்தது. தோணி மதகை நோக்கிப் புறப்பட்டதும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே தண்ணீரில் நடந்தேன். இடுப்பு, மார்பு, கழுத்து. அதற்கு மேல் போக முடியவில்லை. அவள் போனாள். பாயைக் கொஞ்சம் தளர்த்து என்று கத்தினேன், இன்னும் இழுத்தாள்.

தோணி திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை கழுத்தளவு தண்ணீரில்தான் நின்றேன். மறுநாளிலிருந்து மூன்று நாள் படுக்கை. தலைமை ஆசிரியருக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று மட்டும் குறிப்பிட்டேன்.