முள்கம்பியில் கட்டிய துணிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு மானுக்கு அயோடின் போட்டேன்.

சிரிக்காதீர்கள். எஸ்டேட் டிரெஸ்ஸர் என்றால் மருந்து கலக்கிக் கொடுப்பான், புண்ணுக்குக் கட்டுப் போடுவான், காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்பவர்களின் வாயைத் திறந்து பார்ப்பான் — இவ்வளவுதான் நான் அறிந்த உத்தியோகம். நோயாளிகளில் மானும் உண்டு என்று என்னை வேலைக்கு எடுத்தவர்கள் சொல்லவில்லை.

மானுக்கு முன்னால் மூவாரிலிருந்து எழுதிய வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "உங்கள் சம்சாரம் ஊரிலிருந்து திரும்பிவிட்டாரா? உங்கள் எழுத்தில் இப்போதெல்லாம் சாப்பாட்டுப் பேச்சையே காணோமே" என்று விசாரித்திருக்கிறார். இல்லை ஐயா. தங்கை கல்யாணத்துக்கென்று போன வருஷம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினாள் கமலம். கல்யாணம் நன்றாக முடிந்தது. அதோடு அவள் தாயார் படுக்கையில் விழுந்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை. சிங்கப்பூருக்குக் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன... அவள்தான் வரவில்லை. இந்தப் பத்திரிகையை வாராவாரம் அவளுக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஆகவே அவளைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத எனக்குத் தைரியம் கிடையாது.

சரி, மானுக்கு வருவோம்.

லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே வெகுதூரம் நடந்தால் எங்கள் எஸ்டேட். பெயர் வேண்டாம் — எங்கள் துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். எஸ்டேட்டின் கடைசியில், காடு தொடங்கும் இடத்தில், கித்தா விலை விழுவதற்கு முன்னால் நட்ட ஒட்டு ரப்பர் கன்றுகள் நிற்கின்றன. கன்றின் குருத்து மானுக்கு வெல்லக்கட்டி. ஆகவே காட்டோரம் நெடுகக் கட்டை நட்டு, வரிசை வரிசையாக முள்கம்பி இழுத்தார்கள். கன்று பிழைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அந்தக் கன்றுகளை நம்பித்தான் சோறு தின்கிறேன்.

ஆனால் காட்டிலிருந்து ஓடைக்குப் போகும் ஒரு தடம் அங்கே இருந்தது. மான்கள் போட்ட தடம். நமக்கு முந்தியது, துரைக்கும் முந்தியது. வேலி அதன் குறுக்கே போனது. கம்பியைப் போட்டவர்கள் நாம். நமக்குக் கம்பி இருக்கும் இடம் தெரியும். மங்கலான வெளிச்சத்தில், எதற்கோ பயந்து ஓடிவரும் பிராணிக்கு அந்த மெல்லிய இரும்பு எங்கே தெரியப் போகிறது?

முதல் மழைக்காலத்திலேயே ஒரு சருகுமான் கம்பியில் மாட்டிச் செத்தது. பிறகு ஒரு காட்டுப்பன்றி. அது அரை நாள் கத்திற்று. ஒரு தடவை ஓர் ஆந்தை, இறக்கை முள்ளில் மாட்டித் தொங்கியது. பறக்கிறதைக்கூட விடவில்லையே அந்தக் கம்பி.

இதில் ஒரு விஷயம். அந்தத் தடத்தில், கம்பிக்கு அப்பால், காட்டுக்குள் பத்தடி தள்ளி எங்கள் முனியாண்டி மரம் இருக்கிறது. மான் போட்ட தடத்தைப் பிடித்துப் போய்த்தான் எங்கள் ஆட்கள் அந்த மரத்தையே கண்டார்கள். கப்பலில் வந்தவர்கள் கொண்டு வந்த சாமிக்கு ஒரு மரம் வேண்டாமா? அதன் அடியில் கல்லை நட்டார்கள், சூலத்தை ஊன்றினார்கள். ஏதாவது வேண்டுதல் என்றால் சேலையில் ஒரு முழம் கிழித்து, மஞ்சளில் நனைத்துக் கிளையில் கட்டுவார்கள். காரியம் கைகூடினால் அவர்களே வந்து அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் வேறு கை அந்த முடிச்சைத் தொடக்கூடாது. தொட்டால் காரியம் கெட்டது.

வேலி வந்த பிறகு சாமி அந்தப் பக்கம், ஜனங்கள் இந்தப் பக்கம். கம்பிக்கு அடியில் நுழைந்தால் முள் முதுகைக் கிழிக்கும், சுற்றிப் போவதானால் அரை நாள் வேலை போய்விடும். பெண்கள் யோசித்தார்கள். மரத்துக்கு நேர் எதிரே கம்பியிலேயே துணியைக் கட்டத் தொடங்கினார்கள். முனியாண்டிக்குக் கண் தெரியாதா என்ன?

கித்தா விலை விழுந்த பிறகு அந்தத் துணிகள் பெருகின. ஆட்குறைப்பில் எத்தனையோ பேர் கிளம்பிப் போனார்கள். சிலரைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பினார்கள். போனவன் ஒரு பக்கம், இருப்பவள் ஒரு பக்கம். வெள்ளச்சியின் புருஷன் காத்தான் அப்படிப் போனவன்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, லாபிஸில் ரயில் ஏறினான். "எடம் கெடச்சதும் ஆளனுப்புறேன்" என்றானாம். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. ஆள் வரவில்லை.

வெள்ளச்சி தன் கல்யாணச் சேலையின் முந்தானையைக் கிழித்துக் கம்பியில் கட்டியிருந்தாள். மற்றவர்கள் பழைய சேலையில்தான் கிழிப்பார்கள். "ஏன் வெள்ளச்சி, நல்ல சேலையைப் போய்க் கிழிச்சிட்டியே" என்று ஒரு நாள் மருந்து வாங்க வந்தபோது கேட்டேன்.

"அவரு எடுத்துக் குடுத்த சேல டிரெஸ்ஸரய்யா. அவருக்குத்தானே கேக்கறோம்" என்றாள்.

மருந்தை இன்னொரு தடவை குலுக்கிக் கொடுத்தேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் கம்பெனியின் பெரிய துரை பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. உடனே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெள்ளை, சாக்கடைக்குச் சுண்ணாம்பு, எனக்குப் புது மேஜைத்துணி. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சவரிமுத்து வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கந்தல் தொங்குது, கழட்டுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டார். கெட்ட மனிதரில்லை. மாதா கோயிலுக்குப் போகிறவர். முனியாண்டி முடிச்சின் சட்டம் அவருக்கு எப்படித் தெரியும்?

யாரும் தொடமாட்டோம் என்றார்கள். கடைசியில் வீரன் கங்காணி பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். உத்தரவை மீறினால் அடுத்த ஆட்குறைப்பில் அவர் பெயர் இருக்கும். கையால் அவிழ்க்க அவருக்கும் பயம், கத்தியால் அறுத்தார். அறுத்த துணிகளை எரிக்க மனசு வராமல் எல்லாவற்றையும் சுற்றிப் போய் மரத்தடியில் குவித்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வெள்ளச்சி அழவில்லை. வெறுங்கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை நின்றாள்.

பெரிய துரை வந்தார். வேலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போன சில நாளில், அதாவது செவ்வாய்க்கிழமை, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடியும் நேரத்தில் சத்தம் கேட்டது. எல்லாரும் வேலிக்கு ஓடினார்கள். நானும் என் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மருந்துப் பையோடு பின்னால் போனேன்.

பெரிய பெண்மான். ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பியிருக்கிறது. தாண்டும்போது பின்னங்கால், மேலே உள்ள இரண்டு கம்பிக்கும் நடுவில் புகுந்து, கம்பி முறுக்கிக்கொண்டுவிட்டது. உடம்பு காட்டுப் பக்கம், கால் எஸ்டேட் பக்கம். குட்டி கம்பிக்கு அடியில் நுழைந்து போயிருக்க வேண்டும். அப்பால் புதரில் அதன் காது மட்டும் தெரிந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தாய்க்குப் பதில் சொல்லக்கூட மூச்சில்லை.

மாட்டிய இடம், வெள்ளச்சியின் துணி இருந்த இடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே நின்றவர்கள் யாருக்கும் முதலில் இரக்கம் வரவில்லை. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. கறி தின்று எவ்வளவு காலமாயிற்று? வீரன் கங்காணி பாராங்கோடு முன்னால் போனார். லயத்துப் பெண்களில் சிலர் பாத்திரம் எடுக்கக்கூடத் திரும்பிவிட்டார்கள்.

வெள்ளச்சி மானுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளும்மா. முனியாண்டியே குடுத்திருக்காரு" என்றார் கங்காணி.

"குடுத்திருந்தா வேற எடத்துல குடுத்திருப்பாருங்க. என் துணி இருந்த எடத்துல வந்து மாட்டியிருக்கு. இத வெட்டினா எங்க வீட்டுக்காரரு வரவே மாட்டாரு."

"மானுக்கும் உன் புருஷனுக்கும் என்னா சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாதுங்க கங்காணி. அங்க புள்ள கூப்பிடுது. இது போவப் பாக்குது. போவட்டும். ஒண்ணாவது வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

பாத்திரத்துக்குப் போன பெண்கள் நின்றுவிட்டார்கள். கப்பலில் தம்பியை அனுப்பியவள், மகனை அனுப்பியவள், கிள்ளான் பக்கம் போன அண்ணனைத் தேடுகிறவள் என்று அங்கே யார்தான் எதிர்பார்த்து நிற்கவில்லை? நான் மட்டும் என்ன? 'வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்' என்று அவள் சொன்னதும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. கமலத்தைத்தான் நினைத்தேன்.

ஏதாவது செய்ய வேண்டுமே... நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"கங்காணி, எஸ்டேட் கம்பியில அடிபட்டா அது ஆஸ்பத்திரி கேஸ். என் நோயாளியை வெட்ட என் உத்தரவு வேணும். நான் குடுக்கல."

எவ்வளவு அசட்டுப் பேச்சு, பாருங்கள். ஆனால் கங்காணிக்கும் ஒரு சாக்குத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். கத்தியைக் கீழே வைத்தார். வெள்ளச்சியின் முகத்தைப் பார்க்காமல், "ஸ்டோர்ல குறடு இருக்கு. துணிய அறுத்தவன் நானு. நானே அறுத்துவிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எஸ்டேட் கம்பியை அறுத்தால் வேலைக்கே உலை. அது அவருக்குத் தெரியாதா?

வெள்ளச்சி முதுகில் முள் கிழிக்கக் கிழிக்கக் கம்பிக்கு அடியில் ஊர்ந்து அப்பால் போனாள். தலைத்துண்டை அவிழ்த்து மானின் கண்ணில் போட்டு மூடினாள். அது உதைப்பதை நிறுத்தியது. கங்காணி கம்பியை அறுத்தார். கால் விடுபட்டது. எலும்பு முறியவில்லை, தோல்தான் உரிந்து தொங்கியது. நான் அயோடினை ஊற்றினேன். அந்த எரிச்சலுக்கு மான் விட்ட ஒரே உதையில் என் தொப்பி காட்டுக்குள் போய்விட்டது. இன்னும் திரும்பி வரவில்லை.

வெள்ளச்சி துண்டை எடுத்தாள். மான் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. நொண்டிக்கொண்டே புதருக்குள் போயிற்று. குட்டி கூப்பிடுவது நின்றது.

திரும்பி எங்களைப் பார்த்தது என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. வீடு கிடைத்தவர்கள் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

வெள்ளச்சி மரத்தடிக் குவியலில் தன் துணியைத் தேடி எடுத்து, அறுந்த கம்பிக்குப் பக்கத்துக் கம்பியில் கட்டினாள். புது முடிச்சு.

மறுநாள் கண்டக்டர் டிஸ்பென்சரிக்கு வந்தார். கம்பியை யார் அறுத்தது என்று கேட்டார். நான் மருந்துப் புட்டிகளைத் துடைத்தேன்.

"துணி தொங்கின வரைக்கும் அந்த எடத்துல ஏதாவது மாட்டிச்சா கண்டக்டர்? நீங்கதானே வேலி பாக்கறவரு" என்றேன்.

யோசித்தார். "இல்ல. மத்த எடத்துலதான் அறுந்த கம்பிய அடிக்கடி இழுத்துக் கட்ட வேண்டியிருந்துச்சு."

"துணி ஆடினா மிருகத்துக்குக் கண்ணு தெரியுது. நிக்குது, இல்லாட்டி ஒசந்து தாண்டுது. எனக்குத் தோணுது, அவ்வளவுதான்."

"பாக்க அசிங்கமா இருக்குமே டிரெஸ்ஸர்."

"மான் தொங்கினா?"

அவர் தலைவலிக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். துணியைக் கழற்றச் சொல்லி அதன் பிறகு உத்தரவு வரவில்லை. அறுந்த கம்பிக்குக் காட்டுப்பன்றிதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. துரை இதைப் படித்தால், அந்தப் பன்றியை நானும் பார்த்தேன்.

இப்போது மரத்துக்கு எதிரே மட்டுமில்லை, வேலி நெடுகக் கட்டுகிறார்கள். நடந்து பார்த்தேன். இது பினாங்குக்குப் போன மகனுக்கு, இது ஊருக்குப் போன தம்பிக்கு, இது எங்கே என்றே தெரியாதவனுக்கு... அவ்வளவு நீளக் கம்பிக்குத் துணி போதுமா என்று முதலில் சந்தேகப்பட்டேன். எங்கள் எஸ்டேட்டில் காத்திருப்பவர்களுக்கா பஞ்சம்?

காத்தான் இன்னும் வரவில்லை. சாயங்காலம் லாபிஸ் ரயில் ஊதும் சத்தம் காற்று வாக்கில் கேட்கும்போது வெள்ளச்சி வேலியோரம் நிற்கிறாள். சில நாள் காட்டுக்குள்ளிருந்து ஒரு மான் குரல் கொடுக்கிறது. அதே மான்தானா? எனக்குத் தெரியாது. "அதேதான் டிரெஸ்ஸரய்யா, கேளுங்க" என்கிறாள் அவள். நான் கேட்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரி பாண்டேஜில் ஒரு முழம் கிழித்து, மஞ்சளில் நனைத்து, வேலியின் மூலையில் நானும் ஒன்று கட்டிவிட்டு வந்தேன்.

மானுக்காகத்தான் கட்டினேன், கமலம்.