பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் சொல்ல வந்தது

என் கிளினிக்கின் முன்னறையில் டிவி வைத்ததும் நான்தான், அதைக் கழற்றியதும் நான்தான். ஒருவருக்குச் செய்தி வேண்டும், இன்னொருவருக்கு சீரியல் வேண்டும். பல்வலியோடு வந்தவர்கள் ரிமோட்டுக்காக மல்லுக்கட்டி, தலைவலியையும் சேர்த்துக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியில் என்னோடு படித்த தோழியின் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு மீன் தொட்டி இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பேச்சு மூச்சில்லாமல், வாயை லேசாகத் திறந்தபடி மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பல் டாக்டருக்கு வேறென்ன வேண்டும்?

என் கிளினிக் மேலகரத்தில், குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் உள்ளூர்க்காரர்களோடு வெளியூர்க்காரர்களும் வருவார்கள். அருவியில் குளித்த பசியில் எதையாவது வெடுக்கென்று கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டவர்கள். அவர்கள் வருவதற்குள் தொட்டி தயாராகிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். தென்காசியில் ஒரு கலர் மீன் கடைக்குப் போய், மூன்றடித் தொட்டி, மோட்டார், கூழாங்கல், செடி எல்லாம் வாங்கிவிட்டு மீன் பக்கம் திரும்பினேன்.

மீன் எடுத்த விதத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சேலைக்கு பிளவுஸ் எடுப்பதுபோல எடுத்தேன். தங்க நிறத்தில் கோல்டு ஃபிஷ். அதற்குப் பொருத்தமாக, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட டைகர் பார்ப். கோடு கோடாக இருந்ததால் ரொம்ப எடுப்பாகத் தெரிந்தது. இதெல்லாம் ஒன்றாக இருக்குமா என்று கடைக்காரரிடம் பேருக்கு ஒரு வார்த்தை கேட்டேன். பழகிவிடும் என்றார். எனக்கு வேண்டிய பதிலும் அதுதான் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

பழகத்தான் செய்தன. கோல்டு ஃபிஷ்ஷின் நீளமான வாலைக் கடிப்பதற்கு டைகர் பார்ப்கள் பழகிக்கொண்டன. ஒரு வாரத்தில் அந்த வால், ஆடிக் காற்றில் மாட்டிய கட்சிக்கொடி மாதிரி நார் நாராகிவிட்டது. நோயாளிகள் இதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் செட் அளவு கொடுக்க வந்த ஓர் ஆச்சி மட்டும் என்னைக் கூப்பிட்டு, மீனுக்குப் பல் இருக்குமா என்று விசாரித்தார். நானும் டாக்டர் குரலில், பல மீன்களுக்கு உண்டு, சிலதுக்குத் தொண்டைக்குள்ளே இருக்கும் என்று விளக்கினேன்.

ஆச்சி தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படின்னா, வாங்கும்போதே வாயைத் தெறந்து பாத்துருக்கலாம்லா?"

எங்க வீட்டுக்காரர் போலீஸில் இருக்கிறார். அந்த வாரம் லீவில் வந்தவர் கிளினிக்கில் தொட்டியைப் பார்த்துவிட்டு, லாக்கப்பில்கூட யாரை யாரோடு போடுவது என்று யோசித்துத்தான் போடுவோம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. டைகர் பார்ப்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வால் போன கோல்டு ஃபிஷ்ஷை, வரவேற்பில் உட்காருகிற பெண் இலஞ்சியில் இருக்கிற தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அங்கே அதற்கு வால் மறுபடி வளர்ந்துவிட்டது. என் கையை விட்டுப் போனதும் தேறிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். போனில் மீன் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், மற்ற பல கலர் மீன்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். கூட்டமாக வாழ்கிற மீனை ஒன்றிரண்டாக விட்டால் அது பயந்து சாகும், இல்லாவிட்டால் மற்றதைக் கடிக்கும். கப்பி மீனுக்குக் கொஞ்சம் உப்புத்தன்மை உள்ள தண்ணீர் ஒத்துக்கொள்ளும், நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது மட்டுமல்ல, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லவும் ஆரம்பித்தேன். ரூட் கேனல் செய்துகொண்டே டெட்ராவின் குணத்தை விவரிப்பேன். வாயில் இரண்டு கருவியும் ஒரு குழாயும் இருக்கும்போது யார் மறுத்துப் பேச முடியும்? என் அறிவு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நியான் டெட்ராக்கள் வந்தன. விரல் நுனி அளவுதான் ஒவ்வொன்றும். உடம்பில் ஒரு நீலக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. கூட்டமாகத் திரும்பும்போது விளக்குச் சரம் திரும்புவதுபோல இருக்கும். ஒன்றுகூடச் சாகவில்லை. நோயாளிகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். சாரலும் தொடங்கியது, கூட்டமும் வந்தது. நான் கொஞ்சம் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

அந்த மிதப்பில், தொட்டியின் நடுவில் பெரிதாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஏஞ்சல் மீனைச் சின்னதிலேயே விட்டு டெட்ராவோடு சேர்த்து வளர்க்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். கடையில் சின்னதும் இருந்தது, பெரிதும் இருந்தது. சின்னது அழகாக இல்லை. உள்ளங்கை அளவில், மேலும் கீழும் துடுப்பை விரித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்த இரண்டை வாங்கினேன். 'சின்னதிலேயே' என்ற வார்த்தை வீடியோவோடு போய்விட்டது.

அன்றைக்குக் கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். வளைகுடாவில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். கடைவாய்ப் பல் குறுக்கே முளைத்திருந்தது. அறுத்து எடுத்து, தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி முன்னறையில் உட்காரவைத்தேன். அரைமணி நேரம் பேசவே கூடாது, பேசினால் ரத்தம் நிற்காது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

அடுத்த ஆள் வருவதற்குக் கொஞ்சம் நேரமிருந்தது. ஏஞ்சல் மீன் இருந்த பையைத் தொட்டியில் மிதக்க விட்டேன். தண்ணீர்ச் சூட்டுக்குப் பழகட்டும் என்று அப்படி விடுவது முறை. பையைப் பார்த்ததுமே பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டி ஏதோ காட்டினார். வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, மாத்திரை இனிமேல்தான் வேலை செய்யும் என்றேன். அவர் தலையை வேகமாக ஆட்டினார். ஐந்து விரலையும் குவித்து விரித்து, மறுபடி குவித்தார். பிறகு அந்தக் கையைத் தன் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். பசிக்கிறது என்கிறார் என்று புரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொன்னேன்.

அவர் எழுந்தே விட்டார். கன்னம் வீங்கியிருந்தது. "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"பாய், பேசக் கூடாதுன்னு சொன்னேன்லா. பஞ்சைக் கடிங்க. உக்காருங்க."

நல்ல மனிதர். டாக்டர் சொன்னால் கேட்கிறவர். உட்கார்ந்துவிட்டார். நான் பையின் வாயைப் பிரித்து இரண்டு மீனையும் தொட்டிக்குள் விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம் வருகிறதோ என்று நாடி பிடித்துக்கூடப் பார்த்தேன்.

அரைமணி நேரம் கழித்துப் பஞ்சை எடுத்ததும், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

"டாக்டர், அது வாய்க்குள்ள போறது எல்லாம் அதுக்குத் தீனிதான். நானும் துபாய் ரூமுல இதே மாதிரி விட்டுப் பாத்தவன்."

அப்போதாவது வலையை எடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இப்போது எல்லாம் அமைதியாகத்தானே இருக்கின்றன பாருங்கள் என்று தொட்டியைக் காட்டினேன். சின்னதிலிருந்து பழக்கினால் ஒன்றும் செய்யாது என்று அவருக்கே பாடம் எடுத்தேன். கடைசியில், ரொம்பப் பேசாதீங்க, தையல் விட்டுரும் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலையில் வரவேற்புப் பெண் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டெட்ரா குறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். செடிக்குப் பின்னால் இருக்கும் என்றேன். அதற்கடுத்த நாள், செடிக்குப் பின்னாலும் பார்த்துவிட்டேன் என்றாள். ஏஞ்சல் மீன்கள் இரண்டும் வழக்கம்போல மெதுவாக, மரியாதைப்பட்ட குடும்பத்து ஆட்கள் மாதிரி உலாவிக்கொண்டிருந்தன. வயிறு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. தினமும் பத்து வாயையாவது குனிந்து பார்க்கிற எனக்கு, அந்த இரண்டு வாயின் அளவைப் பார்க்கத் தோன்றவில்லை.

தையல் பிரிக்கிற நாளில் பாய் வந்தார். தொட்டிக்கு எதிரேதான் உட்கார்ந்தார். நான் கதவுக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டெட்ரா ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார், தையலைப் பிரித்தேன், வாயைக் கொப்பளித்தார். இப்போது வாய் தாராளமாக இருந்தது, பேச எந்தத் தடையும் இல்லை. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பாய், எல்லாத்தையும் தின்னுட்டுது" என்று நானே சொன்னேன்.

"பாத்தேன் டாக்டர்" என்றார். அதற்கு மேல் குத்திக்காட்டவில்லை. ஏஞ்சலை விட்டுவிட மனசு வராது என்றால், அதற்குத் தோதான ஆட்களாகப் பார்த்துச் சேர்க்கலாம் என்றார். அவரோடு கடைக்குப் போனேன். இந்தத் தடவை நிறம் பார்க்கவில்லை. வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், எந்த மட்டத்தில் நீந்தும், எதைத் தின்னும், இதைத்தான் கேட்டேன். அடித் தரையிலேயே மேய்கிற, ஏஞ்சலின் வாய்க்குள் போகாத, ஒருவர் வம்புக்கும் போகாத கோரி மீன்கள் ஐந்தாறு வாங்கினோம். அவை மீசையைக் கூழாங்கல்லுக்குள் விட்டுக்கொண்டு தம் பாட்டுக்குக் கிடந்தன. சில மாதங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு ஒருநாள் மோட்டார்க் குழாயில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் அழகு பார்த்து எடுத்த இரண்டும் ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டன. முட்டையிட்டிருந்தன. அது வரைக்கும் சாதுவாக இருந்தவை, கோரி மீன்களை ஒரு மூலைக்குத் துரத்தி அங்கேயே நிறுத்திவைத்தன. நோயாளிகளுக்கு அது பெரிய விசேஷமாகிவிட்டது. இரண்டும் மாறி மாறி முட்டைக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்ததைப் பார்க்க, சிகிச்சை முடிந்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பல் நன்றாக இருக்கிறவர்களும் இரண்டொருவர் வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் குழாய் சுத்தமாக இருந்தது. பெற்றவையே தின்றுவிட்டன.

பாய்க்கு போன் போட்டேன். முதல் தடவை பெரும்பாலும் அப்படித்தான் செய்யும், அடுத்த தடவை பார்ப்போம், இப்போதைக்குக் கோரியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள் என்றார். சின்னதாக ஒரு தொட்டி வாங்கி என் அறைக்குள் வைத்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்தவற்றை அதில் விட்டேன்.

வெளியே போன் அடித்துக்கொண்டே இருந்தது. முட்டை பொரித்துவிட்டதா, குஞ்சு எத்தனை என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். என்ன பதில் சொல்லட்டும் என்று வரவேற்புப் பெண் கதவைத் திறந்து கேட்டாள். டாக்டர் கையில் கேஸ் இருக்கிறது, பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லச் சொன்னேன். நாற்காலியில் யாரும் இல்லை. நான் கோரிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன்.