சரோஜாதேவி டீச்சரின் ஐம்பது அட்டைகள்

"இந்த வகுப்புக்குள்ள இனிமே ஒத்த எழுத்துகூட தனியா நுழையாது. நுழைஞ்சா எம் பேரு சரோஜாதேவி இல்ல!"

மாத்தளை நகரம் இதற்கு முன் இப்படியொரு பிரகடனத்தைக் கேட்டதில்லை. இதையும் நகரம் கேட்கவில்லை. தரம் இரண்டின் பத்தொன்பது பிள்ளைகளும் பக்கத்து வகுப்பு நல்லம்மா டீச்சரும்தான் கேட்டார்கள். சொன்னதே நல்லம்மா டீச்சருக்காகத்தான். தரம் ஒன்றையும் தரம் இரண்டையும் பிரிப்பது ஆளுயரச் சுவர் ஒன்று. அதற்கு மேலே காற்று வரும், சுண்ணாம்புத் தூள் வரும், பதினொரு வருடப் பகையும் வரும்.

பகையின் மூலம் ஒரு மின்விசிறி. அதை யார் பக்கம் திருப்புவது என்று தொடங்கியது, பிள்ளைகளுக்கு எப்படி வாசிக்கக் கற்பிப்பது என்ற பெரிய தத்துவமாக வளர்ந்துவிட்டது. நல்லம்மா டீச்சர் எழுத்துக் கட்சி. காலை எட்டு மணிக்கு அவருடைய பிள்ளைகள் "க, கா, கி, கீ" என்று தொடங்கினால் கூரைத் தகரம் அதிரும். சரோஜாதேவி டீச்சர் அப்படியல்ல. கண்டியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், மதியச் சாப்பாடும் சான்றிதழும் பெற்றுத் திரும்பியவர். அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் முழுசாக அடையாளம் காண வைக்க வேண்டும் என்பது அங்கே கற்றது. எழுத்துகளையும் கூடவே கற்பிக்க வேண்டும் என்று மூன்றாம் நாள் பின்னேரம் சொன்னார்கள். அந்த நேரம் டீச்சர் மாத்தளை பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்ததும் ஐம்பது அட்டைகள் செய்தார். புது அட்டை வாங்குவது டீச்சரின் இயல்புக்கு ஒவ்வாது. பேருந்தில் மிச்சக்காசு ஐந்து ரூபாய்க்காக இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய் இறங்கியவர் அவர். வீட்டில் கிடந்த பெட்டிகளையெல்லாம் வெட்டினார். 'இருந்தது' என்ற சொல் பால்மாப் பெட்டியில் எழுதப்பட்டது; மூலையில் மாட்டின் பின்னங்கால் ஒன்று எஞ்சி நின்றது. 'என்று' கலியாணப் பத்திரிகையில், பிள்ளையாரின் பாதித் தும்பிக்கையோடு. 'வேண்டும்' மேல் பருப்புக்கறி சிந்தியிருந்தது. 'அவர்கள்' அட்டையின் ஓரத்தை எலி ருசி பார்த்திருந்தது.

முறை பிரமாதமாகப் பலித்தது. அட்டையைத் தூக்கினால் போதும், தூக்கிய கை நிமிர்வதற்குள் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று டீச்சர் ஒவ்வொரு விடைக்கும் "சபாஷ்!" என்று கத்துவார்.

"கெதியா ஓடுறது பெருசில்ல, எங்க போறோம்னு தெரியணும்," என்று அந்தப் பக்கத்தில் நல்லம்மா டீச்சர் தன் பிள்ளைகளிடம் சொல்வார். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று யாருக்கும் புரியாது.

"சில பேரு நடக்கவே மாட்டாங்க. தவழ்ந்துகிட்டே ரிட்டயர் ஆயிருவாங்க," என்று இந்தப் பக்கத்துப் பதில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும்.

மூன்றாம் தவணையில் அதிபர் ராசையா இரண்டு பேரையும் கூப்பிட்டார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்; வருகிற வருடம் ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஒரே டீச்சர் பார்ப்பார். மற்றவருக்கு இடமாற்றம், நாவுலைக்கும் அப்பால். காலையில் ஒரு பஸ், அது வந்தால். ஆசிரிய ஆலோசகர் அன்ஸார் சேர் வந்து வாசிப்பைப் பார்த்து, யார் இருப்பது என்று எழுதிக் கொடுப்பார்.

"வெயிலுக்கு நல்ல குடையா வாங்கி வச்சுக்குங்க நல்லம்மா டீச்சர். நாவுல பக்கம் சூடு அதிகம்," என்றார் சரோஜாதேவி டீச்சர், வெளியே வந்ததும்.

"உங்க குடையையே தந்துட்டுப் போங்க. ஓ, உங்களுக்குத் தேவப்படுமோ?"

அன்ஸார் சேர் வருவதற்கு முந்திய நாள், டீச்சர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய செலவைச் செய்தார். பருப்புக் கறையை ஒரு அதிகாரிக்குக் காட்டுவதா? வெள்ளை பிறிஸ்டல் போட் அட்டை வாங்கி, ஐம்பதையும் ஒரே அளவில் வெட்டி, கறுப்பு மார்க்கரால் முத்து முத்தாக எழுதி, கடையில் கொடுத்து லெமினேட்டும் பண்ணினார். கண்ணாடி போல மின்னின.

மறுநாள் அன்ஸார் சேர் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தார். டீச்சர் முதல் அட்டையைத் தூக்கினார்.

ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவதைத் தூக்கினார். பத்தொன்பது முகங்களும் அட்டையைப் பார்த்தன, பிறகு டீச்சரைப் பார்த்தன. முன் வரிசையில் இருந்த விதுஷா, வகுப்பில் முதலாம் பிள்ளை, எழுந்து நின்றாள்.

"டீச்சர், மாட்டுக் கால் எங்க?"

"என்னா மாட்டுக் கால்? வாசி!"

"மாட்டுக் கால் இருந்தாத்தான் 'இருந்தது' டீச்சர். இதுல ஒண்ணுமே இல்லையே."

அன்ஸார் சேர் மெதுவாக எழுந்து வந்தார். மேசைக்கடியில் கிடந்த பழைய அட்டைக் கட்டை எடுத்தார். பால்மா அட்டையைப் பிடித்து, சொல் முழுவதையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மூலையில் இருந்த காலை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

"இருந்தது!" என்று வகுப்பே முழங்கியது.

கறையை மட்டும் காட்டினார். "வேண்டும்!"

எலி கடித்த ஓரம். "அவர்கள்!"

பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். பழக்கத்தின் காரணமாக டீச்சரின் வாயிலிருந்து "சபாஷ்" என்ற பாதிச் சத்தம் வந்து, நடுவழியில் செத்தது. சுவருக்கு மேலே நல்லம்மா டீச்சரின் கொண்டை தெரிந்தது. அப்புறம் நெற்றி. அப்புறம் இரண்டு கண்கள். பதினொரு வருடத்தில் அந்தக் கண்கள் அவ்வளவு நிறைவாக எதையும் பார்த்ததில்லை.

"எலிக்கும் ஒரு சான்றிதழ் குடுக்கலாம் சேர், பாதிப் பாடம் அதுதான் நடத்தியிருக்கு," என்றது சுவர்.

அன்ஸார் சேர் சிரிக்கவில்லை. "டீச்சர், உங்க புள்ளைங்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கு. அத வச்சு வாசிக்கவும் வைக்கலாம். இன்னும் ஒரு மாசத்தில வாறேன். அட்ட வேணாம். நான் கொண்டு வாற புத்தகத்துல ஒரு பக்கம் வாசிச்சாப் போதும். அதுக்குப் பிறகுதான் எழுதிக் குடுப்பேன்."

அன்றிரவு டீச்சர் யாரோடும் பேசவில்லை என்று அவருடைய கணவர் சொன்னார். அந்த வீட்டில் அது விழாவாகக் கொண்டாடப்பட்டதா என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சரோஜாதேவி டீச்சர் வழக்கம்போல வந்தார். வழக்கம்போல நல்லம்மா டீச்சரின் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. "அதிகாரிங்களுக்கு முற வெளங்கல்ல, அவ்வளவுதான்," என்று சுவருக்குக் கேட்க அறிவித்தார். "க, கா, கி, கீ" அன்று இரு மடங்கு சத்தத்தில் ஒலித்தது.

ஒன்றரைக்குப் பாடசாலை விட்டது. நல்லம்மா டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் வாசல் படலையைத் தாண்டி, வளைவில் மறையும் வரைக்கும் சரோஜாதேவி டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார். கதவையும் பாதி சாத்தினார்.

அப்பாவின் த்ரீவீலருக்காகக் காத்திருந்த விதுஷாவை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, மின்னுகிற வெள்ளை அட்டை ஒன்றை மேசையில் வைத்தார்.

"இதுல மாடு இல்ல டீச்சர்," என்றாள் விதுஷா.

"தெரியும். மெதுவாப் பேசு."

டீச்சர் சொல்லின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். கையை இடமிருந்து வலமாக ஒரு விரற்கடை நகர்த்தினார். ஒரே ஒரு எழுத்து, தன்னந்தனியாக, வெளியே வந்தது.

"இ," என்றார் டீச்சர், சுவரைப் பார்த்துக்கொண்டே, காற்றுக்கும் கேட்காத குரலில்.