ஆசிட்டில் குளித்த நத்தைக் கல்

என் கணவருக்குச் சிமெண்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை. சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு ஆசிட் விட்டால் போதும், சுண்ணாம்பு நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாண வீட்டில்கூடக் குனிந்து தரையைப் பார்த்து, நல்ல கல்லு என்பார் மனிதர். நான் அரியலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஆக, எங்கள் வீட்டில் ஆசிட்டைப் பற்றித் தெரியாதவள் எட்டாவது படிக்கும் மகள் ஒருத்திதான்.

அவளுக்குத்தான் அந்தக் கல் கிடைத்தது. பருத்திக் காட்டில் உழவு ஓட்டிய மண்ணில், நத்தை போலச் சுருண்டு, வரிவரியாகக் கிடந்தது. இங்கே கடல் இருந்த காலத்தில் வாழ்ந்த ஏதோ ஒரு ஜீவன். பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் பாசம் பொங்கிவிட்டது. கல்லில் ஒட்டியிருந்த மண்ணை எடுக்கிறேன் பேர்வழி என்று, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஒரு டப்பாவில் ஊற்றித் தண்ணீர் கலந்து, கல்லை அதில் போட்டுவிட்டு, போன் வந்ததென்று வாசலுக்குப் போய்விட்டார். அவர் போன் பேச ஆரம்பித்தால் லேசில் முடியுமா? நான் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது டப்பா நுரைத்துக்கொண்டிருந்தது. கல்லின் ஒரு பக்கத்தில் வரியே இல்லை, மொழுமொழுவென்று இருந்தது.

"தண்ணி நெறையத்தான கலந்தேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அந்தத் தண்ணீர்தானே ஆசிட்டுக்கே உயிர் கொடுப்பது. தண்ணீர் மூலக்கூறு பார்க்கத்தான் சாது. அதன் ஒரு பக்கம் லேசாக நேர்மின், மறுபக்கம் லேசாக எதிர்மின். ஆசிட்டுக்குள் ஒட்டிக் குடித்தனம் நடத்தும் ஹைட்ரஜனையும் குளோரினையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரித்துவிடும். பிரிந்த ஹைட்ரஜன் சும்மா இருக்குமா? சுண்ணாம்புக் கல்லைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் வேகம் குறையுமே தவிர, குணம் போகாது. முழுப் பாடமும் நடத்தினேன். கைகட்டிக் கேட்டுக்கொண்டார். ஊரார் கல்லையெல்லாம் சோதிப்பவருக்கு மகளின் கல்லும் சுண்ணாம்பு என்று தோன்றவே இல்லை, பாருங்கள்.

மகள் திட்டவில்லை, அழவில்லை. அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் பக்கத்திலிருந்த ரசத்தைக்கூட என்னிடம்தான் கேட்டாள். அவருக்குச் சோறே இறங்கவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

கண்காட்சியில் அரித்த பக்கம் மேலே தெரியும்படி கல்லை வைத்து, 'ஆசிட் ஊற்றியவர்: எங்கள் அப்பா' என்று அட்டை எழுதியிருந்தாள். அவர் லீவு போட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். பார்க்க வந்த ஒரு சார், எப்படி நுரைக்கும் என்று செய்து காட்டச் சொன்னார். அவள் ஆசிட் சொட்டுக்குழாயை அப்பாவிடம் நீட்டினாள்.

தினமும் செய்கிற வேலைதான். ஆனால் மகளின் கல்மேல் இன்னொரு சொட்டு விட அவருக்கு மனசு வரவில்லை. "இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். எங்கள் ஊரில் சுண்ணாம்புக் கல்லுக்கா பஞ்சம்? மைதானத்தில் ஒன்றைப் பொறுக்கி வந்து அதன்மேல் சொட்டு விட்டார். நுரைத்தது. சாருக்குத் திருப்தி.

சார் போனதும், மகள் தன் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி அப்பாவின் கையில் வைத்தாள்.

"நீயே வூட்டுக்கு எடுத்துட்டு வாப்பா. கழுவ மட்டும் கழுவிடாத."