ஒற்றைச் சுருள் அடுப்பு

என் அலமாரியில் ஒரு பழைய மின்னடுப்பு இருக்கிறது. அதில் ஒரே அளவில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று கருகி நெளிந்துவிட்டது. மற்றது இன்றும் கருகாமல் மினுங்குகிறது. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுத் தொலைங்கப்பா" என்று மகள் மாதம் ஒருமுறையாவது சண்டை பிடிக்கிறாள். என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது.

அப்போது தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டைனமோ அறை என் பொறுப்பில் இருந்தது. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் டைனமோவைச் சுற்றும். அங்கிருந்து போன ஒரு கம்பியில்தான் பக்கத்துப் பிள்ளைப்பேறு அறையின் ஒற்றை பல்பு எரிந்தது. ஆனால் வெந்நீருக்கு விறகடுப்புதான். மழைக்காலத்தில் ஈர விறகு புகையுமே தவிர எரியாது. எங்கள் முதல் பிள்ளை அப்படியொரு மழையில் பிறந்து, தொப்புளில் சீழ் பிடித்துச் செத்துப் போனது. "தண்ணி கொதிக்கவே இல்ல தம்பி. கத்திரிக்கோல எதுல போட்டு எடுப்பேன்?" என்று மருத்துவச்சி அம்மா என்னிடம் கத்தினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். எனக்கும் அன்றிலிருந்து அப்படித்தான்.

என் மனைவி மறுபடி முழுகாமல் இருந்தபோது, தோட்டத்துத் துரை பங்களாவில் இந்த அடுப்பைக் குப்பையில் வீசினார்கள். சுவிட்ச் இறுகிப்போய், தண்ணீர் சுட நாழியாகிறதாம். மருத்துவச்சி அம்மா அதை எடுத்து முந்தானையில் மூடிக்கொண்டு டைனமோ அறைக்கே வந்துவிட்டார்.

"இதுக்கு உசுரு குடுக்க முடியுமா, தம்பி?"

மீட்டரில் இணைத்துப் பார்த்தேன். அழுத்தம் 230 வோல்ட், ஓட்டம் இரண்டரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, 92 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், 575 வாட். சுவிட்ச் இறுகிய இடத்தில் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருந்தன. இரண்டு தடையையும் தாண்டி வருவதால் மின்சாரம் மெலிந்துவிடுகிறது, சூடும் குறைகிறது. ஆனால் ஈர விறகுக்கு அது எவ்வளவோ மேல். எல்லா இயந்திரமும் ஓடும் நேரத்திலும் என் டைனமோவுக்கு முப்பது ஆம்பியர் மிச்சம் இருந்தது.

இருந்தாலும் டீமேக்கர் உத்தரவு வேண்டும். தொழிற்சாலைக்கு அவர்தான் ராஜா. இருவரும் போய் நின்றோம்.

"டைனமோ தாங்காது" என்றார். மருத்துவச்சி அம்மா நகரவில்லை. கடைசியில் டீமேக்கர் அடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு சுருளெல்லாம் குடுக்க முடியாது. ஒன்னக் கழட்டி விட்டுட்டு ஒன்னுல மட்டும் கரண்டு விடு. பாதி மிச்சமாகும்."

எங்களுக்கு எதையும் பாதியாக்கிக் கொடுத்தே அவருக்குப் பழக்கம். கொழுந்து நிறை குறைந்தால் பாதி நாள் கூலிதான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். மின்சாரத்துக்கும் அரைப்பேர் போட்டுவிட்டார் மனிதர்.

மருத்துவச்சி அம்மா சண்டைக்கு வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "சரிங்கய்யா, ஒன்னே போதுங்க."

வெளியே வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பிள்ளையப் பறிகுடுத்தும் ஒனக்குப் புத்தி வரலையா? கும்பிட்டுக்கிட்டே சாவு!"

"அம்மா, கணக்கக் கேளுங்க. ஒரு சுருளு போனா தடை பாதியாயிரும், நாப்பத்தாறு. எரநூத்தி முப்பத அதால வகுத்தா அஞ்சு ஆம்பியர். கரண்டு குறையாது, ரெட்டிப்பாகும். ஆயிரத்து நூத்தம்பது வாட்டு. சூடும் ரெட்டிப்பு."

ஒரு கணம் முறைத்தார். பிறகு எங்கள் லயத்து வீடுகளுக்கே கேட்கும்படி சிரித்தார். அதன்பின் டீமேக்கரைக் காணும்போதெல்லாம், "ஐயா போட்ட அரைப்பேருலதான் வேல ஓடுதுங்க" என்று கும்பிடுவார். அவரும் பாதி மின்சாரத்தை மிச்சம் பிடித்ததாகத் துரையிடம் பெருமையடித்துக்கொண்டாராம். நாங்கள் திருத்தவில்லை. எதற்குத் திருத்த வேண்டும்?

ஆடி மழை கொட்டிய நாளில் என் மனைவிக்கு வலி கண்டது. வாசலில் நின்ற எனக்கு உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதிப்பது கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் தோட்டத்தையே எதிர்த்து நின்றிருப்பேன். மருத்துவச்சி அம்மா வெளியே வந்து, "பொம்பளப் புள்ள, தம்பி. முழுசா இருக்கு" என்றார்.

அந்த ஒற்றைச் சுருள் இற்றுப் போகும்வரை எத்தனையோ பிள்ளைகளுக்கு வெந்நீர் வைத்தது. பிறகு மருத்துவச்சி அம்மா அடுப்பை என்னிடமே தந்துவிட்டார். மினுங்கும் சுருள் எங்களுக்குத் தர மறுத்த பாதி. அதைத் தொடாமலே நாங்கள் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டோம்.

அடுப்பைத் தூக்கிப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறாளே, அன்று பிறந்தவள் அவள்தான். பிடிக்கட்டும். சண்டை பிடிக்க அவள் இருக்கிறாள்.