சும்மா இருக்கும்போது கேட்கும் சத்தம்

1. முன் ஸ்டூல்

சஜி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலேயே முதலாளி ஹமீதிக்கா அவனை முன் ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டார். அந்த ஸ்டூலுக்காக நான் ஒன்பது வருஷமாகக் காத்திருந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மசாலா குடோன்கள் வரிசையாக இருக்கிற தெருவில் ஹமீதிக்காவின் ரிப்பேர் கடை. தொண்ணூறுகளில் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும்தான் வேலை. இரண்டாயிரம் பிறந்த பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஸ்பீக்கரும் ஹெட்போனும் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பின்னால் சால்டரிங் மேசை என்னுடையது. முன்னால் கவுண்டர் ஓரத்தில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தவன்தான் வருகிறவர்களிடம் பேசுவான், எதை வாங்கலாம் என்று சொல்வான். மேசையில் இருப்பவனின் முதுகுதான் வருகிறவர்களுக்குத் தெரியும்.

நான் எட்டாம் கிளாஸ் பாதியில் படிப்பை விட்டவன். சஜி களமசேரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவன். என்னைவிட எட்டு வயசு சின்னவன். சேர்ந்து ஒரு வாரத்தில், கடைக்கு வருகிறவர்கள் "டிப்ளமாக்காரர் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். சால்டரிங் அயர்னை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப்போய்ப் பார்ப்பேன். ஷட்டரை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஆனால் இந்தப் பயத்தோடு கூட இன்னொன்றும் இருந்தது. அவன் சிரித்தால் பிடிக்காது. அவன் ஓம், மில்லிவாட் என்று பேசினால் பிடிக்காது. "சேட்டா" என்று மரியாதையாகக் கூப்பிட்டால் அதுவும் பிடிக்காது.

2. கோமதி அக்கா வந்தது

கோமதி அக்கா எங்கள் சந்துக்குப் பக்கத்துச் சந்து. எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். அவருடைய வீட்டுக்காரர் குடோனில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். திரும்பிப் படுக்கக்கூட ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால் அக்கா வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றைப் பிடித்திருந்தார். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்தது கம்ப்யூட்டருக்கு வரும். அதை ஹெட்போனில் கேட்டு, காலால் பெடலை அமுக்கி நிறுத்தி நிறுத்தி, டைப் செய்து அனுப்ப வேண்டும். கேட்காத இடத்தைக் காலியாக விடலாம். காலி இடம் அதிகமானால் ஃபைல் திரும்பி வந்துவிடும்.

"சண்முகா, டாக்டர் பேசறது கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. பழைய ஹெட்போன் ஒரு பக்கம் செத்துப் போச்சு. நல்லதா ஒண்ணு குடு" என்று பின்பக்கம் என் மேசையைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் அயர்னை ஸ்டாண்டில் வைப்பதற்குள் சஜி எழுந்துவிட்டான். அவனுக்கும் தமிழ் கொஞ்சம் வரும்.

"அக்கா, இது மதி, இதுவே போதும். முப்பத்திரண்டு ஓம். காதை முழுசா மூடும். கம்ப்யூட்டருக்கே இதை ஓட்டற சக்தி உண்டு, ஆம்ப் வேண்டா."

என் அக்கா, என் பக்கத்துச் சந்து, என்னிடம் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயம் என் மேசைக்கடியில் ஒரு பெரிய ஹெட்போன் கிடந்தது. மூடிப்போன ஒரு ரிக்கார்டிங் ஸ்டூடியோவிலிருந்து வந்தது. அறுநூறு ஓம். ஓம் கூடக் கூட அதை ஓட்ட வோல்டேஜும் கூட வேண்டும். கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். ஆகவே சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப் வேண்டும். ஆம்ப் கட்ட என் கையால்தான் முடியும். சஜிக்குச் சால்டரிங்கில் கை நடுங்கும்.

"அக்கா, காதுக்குள்ள வேலை செய்யறவங்களுக்கு இந்தப் பொம்மை எல்லாம் தாங்காது. ஸ்டூடியோ சாதனம் ஒண்ணு இருக்கு. ஆம்ப் நானே கட்டித் தரேன்" என்றேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஸ்பீக்கரோ ஹெட்போனோ எதுவானாலும் ஒரே ஒரு தபலா சிடியைப் போட்டு, வால்யூமை ஏற்றி, வாங்க வந்தவர் காதில் கேட்கவைப்போம். மட்டாஞ்சேரியில் பாட்டுக் கச்சேரி கேட்டே வளர்ந்த காதுகள். தபலா நன்றாக விழுந்தால் சாமான் நல்லது. இரண்டு நாளில் தகர டப்பாவில் ஆம்பைக் கட்டி, அக்காவை வரச்சொல்லி, அந்த சிடியையே போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யோ, பக்கத்துல உக்காந்து அடிக்கற மாதிரி இருக்கேடா!"

சஜி மட்டும் ஸ்டூலிலிருந்து, "சேட்டா, பாட்டை நிறுத்து. ஒண்ணும் வைக்காம, வால்யூமை ஏத்தி ஒரு தடவை கேக்கச் சொல்லு" என்றான்.

"ஒண்ணும் வைக்காம எதைக் கேக்கறது? காத்தையா?" என்றேன்.

ஹமீதிக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "எடா சஜி, டிப்ளமாவுக்குக் காத்தும் பாடுமோ?" சஜியின் காது சிவந்தது. அவன் சேர்ந்ததிலிருந்து நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அது.

சாமானை ஆட்டோவில் ஏற்றும்போது அக்காவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. "அந்தத் தம்பி சொன்னதும் நல்லதுதானோ?" குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "ஸ்டாக் தேங்கிக் கெடக்கு அக்கா. அதை உங்க தலையில கட்டப் பாத்தான்."

அது பொய். தேங்கிக் கிடந்தது என் மேசைக்கடியில் இருந்ததுதான்.

3. அடக்க முடியாத முனகல்

பத்து நாள் கழித்து அக்கா கடைக்கு வரவில்லை, என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"மூணு ஃபைல் திரும்பி வந்துடுச்சு சண்முகா. காலி இடம் முன்னவிட ஜாஸ்தி. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். அப்புறம் ஆபீசுக்கு வந்து எங்க கண் முன்னால உக்காந்து செய்யுன்னு சொல்றாங்க. ரெண்டு பஸ் மாறிப் போகணும். இவரை யாரு பாக்கறது?"

அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினேன். டாக்டர் பேசினார். நடுவில் மூச்சு விட்டார், காகிதம் புரட்டினார், சொல்லின் வாலை முணுமுணுத்தார். அந்த இடைவெளி எல்லாவற்றிலும் "ங்ங்ங்" என்று ஒரு முனகல். மௌஸை நகர்த்தினால் "கீர்ர்" என்று அதன் மேல் ஒரு சுரண்டல். தபலா சத்தத்துக்குள் இதெல்லாம் ஒளிந்துகொண்டிருந்தது. டாக்டரின் தாழ்ந்த குரலால் எதையும் மறைக்க முடியவில்லை.

என் ஆம்ப் பழுதில்லை. கம்ப்யூட்டர் எதைக் கொடுத்ததோ, அதைத்தான் பெரிசாக்கியது. குரலையும் பெரிசாக்கியது, முனகலையும் பெரிசாக்கியது. அதோடு கம்ப்யூட்டர் பெட்டியில் கை பட்டபோது சுருக்கென்றது. பழைய வீடு, எர்த் கிடையாது. மூன்று பின் பிளக்கை இரண்டு ஓட்டைச் சாக்கெட்டில் செருக ஏதோ அடாப்டர் போட்டிருந்தார்கள். எர்த் இல்லாத இடத்தில், முனகலைக் கூட்டுகிற மாதிரி, ஆம்புக்குள் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்து கட்டியது நான்தான்.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் சஜி சொன்னதுதான் சரி என்றாகிவிடும். டப்பாவைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றினேன். ஷீல்டு ஒயர் போட்டேன். "இப்ப சரியாயிடும் அக்கா" என்றேன். முனகல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. "பரவால்லை போல இருக்கு" என்று அக்கா எனக்காகச் சொன்னார்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஃபைல் திரும்பி வந்தது. மாசக் கடைசிக்கு ஆறு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்த படுக்கையாக அந்த மனிதர் தனியாகக் கிடப்பதும், அக்கா பஸ்ஸில் தொங்கிப் போவதும்தான் கண்ணில் நின்றது. சஜியிடம் கேட்கலாம் என்று நினைத்தாலே வாய் கசந்தது. இரண்டு நாள் ஸ்டூல் வரை போய்ப்போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் அவன் சாயா குடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த ஹெட்போன்... கோமதி அக்கா வீட்டுல முனகுது."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "வா சேட்டா, போய்ப் பாக்கலாம்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் குத்திக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

4. ஒன்றும் ஓடாத கம்ப்யூட்டர்

கடையிலிருந்து அந்த முப்பத்திரண்டு ஓம் ஹெட்போனைக் கையோடு எடுத்து வந்திருந்தான். என் ஆம்பைக் கழற்றி ஓரமாக, மரியாதையாக வைத்தான். முதலில் ஹெட்போனை முன்பக்கத்து ஜாக்கில் செருகி, ஒன்றும் ஓட்டாமல் வால்யூமை ஏற்றி என் காதில் வைத்தான். "கீர்ர்." பிறகு பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கிற ஜாக்கில் செருகினான். சுரண்டல் நின்றது. முன்பக்கத்துக்கு வருகிற மெலிந்த ஒயர் பெட்டிக்குள் இருக்கிற குப்பை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

"இனி எர்த். அது உன் கைவேலை சேட்டா, எனக்கு வராது" என்றான்.

கிணற்றடியில் கம்பி இறக்கி, ஒயர் இழுத்து, மூன்று ஓட்டைச் சாக்கெட் மாற்றினேன். திரும்பவும் கேட்டோம். ஒன்றும் இல்லை. ஹெட்போனுக்குள் ஒரு வெற்று அறை மாதிரி இருந்தது. அந்த மாதிரி அமைதியை எங்கள் கடையில் யாரும் கேட்டதில்லை. நாங்கள்தான் எப்போதும் தபலா போட்டுவிடுவோமே.

அக்கா மாட்டிக்கொண்டு பெடலை அமுக்கினார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். விரல்கள் நிற்காமல் ஓடின. பிறகு சஜியைப் பார்த்து வெள்ளந்தியாகச் சொன்னார்:

"தம்பி, நீ அன்னைக்கே இதைத்தான் சொன்னே. நீ ஸ்டாக்கை என் தலையில கட்டப் பாக்கறேன்னு இவன்தான் சொன்னான், அதான் பயந்துட்டேன்."

நான் சாக்கெட்டை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். சஜி என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"அது செரிதான் அக்கா. கடையில ஸ்டாக் கொஞ்சம் இருந்தது" என்றான்.

திரும்பி நடக்கும்போது அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. ஹமீதிக்காவிடமும் சொல்லவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம் நான். என் மனசில் ஓடியதோ வேறு: இப்படி நடந்துகொள்ள இவனுக்கு எங்கே சொல்லிக்கொடுத்தார்கள்? டிப்ளமாவில் இதுவும் உண்டா? அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மாசக் கடைசியில் கோமதி அக்கா கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே, "ஆபீசுக்கு வர வேண்டாம்னுட்டாங்க" என்றார். சஜிக்கும் எனக்கும் பழம்பொரி, வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பொட்டலம்.

5. ஸ்டூல் கிடைத்த பிறகு

மூன்று வருஷம் கழித்து சஜி துபாய் போனான். ஹமீதிக்கா என்னை முன் ஸ்டூலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கு ஒரு கால் குட்டை. இவ்வளவு நாளும் அவன் ஆடிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறான், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அங்கே உட்கார்ந்து நான் எல்லோருக்கும் சொன்னது இதுதான். வீட்டு கம்ப்யூட்டருக்கு ஹெட்போன் வாங்க வருகிறீர்களா? முதலில் எதைக் கேட்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பாட்டா, பேச்சா? பெட்டியில் ஓம் பாருங்கள். முப்பத்திரண்டு பக்கம் என்றால் பெரும்பாலும் ஆம்ப் வேண்டாம். முந்நூறு, அறுநூறு என்றால் வேண்டியிருக்கும். ஆனால் ஆம்ப் வாங்கும் முன், ஒன்றும் ஓட்டாமல், வால்யூமை ஏற்றி, சும்மா இருக்கும்போது என்ன கேட்கிறது என்று கேளுங்கள். முனகல் இருந்தால் முதலில் ஜாக்கை மாற்றுங்கள், எர்த்தைப் பாருங்கள். இல்லையென்றால் அந்த முனகலைப் பெரிசாக்கத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். "சண்முகம் விஷயம் தெரிஞ்ச ஆளு" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. இதை யாரிடம் கற்றேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அது சஜி சொன்னது. நான் கடையில் எல்லோர் முன்னாலும் காத்து என்று கேலி செய்தது. என்னிடம் கேட்டு ஹெட்போன் வாங்கிப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சொன்னவன் பேரை சஜி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.